லிகோர் நின்ற இடத்தில் கோதுமைக் கட்டு

"பூசணிக்காயை வை, ஒலிம்பி."

"பூசணி வேண்டாம் தோழர், தூரத்திலருந்து பாத்தா ஒரு ஆளு குந்தியிருக்கிற மாதிரியே..."

"அப்ப ரெண்டா வை."

"ரெண்டு வச்சா ரெண்டு ஆளு குந்தியிருக்கிற மாதிரி..."

"அம்மா தாயே, என்னத்தையாவது வை. சாயங்காலத்துக்குள்ள அந்தாளு அங்க நிக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"கோதுமைக் கட்டு வைக்கிறேன். நிமிர்ந்து நிக்கும், ஆள் உயரத்துக்கு வரும். யார் கண்ணையும் உறுத்தாது."

"வை. வச்சுத் தொலை."

கோதுமைக் கட்டு வரைவது எனக்குப் பிடித்த வேலை. கட்டின் இடுப்பில் கயிறு இறுக்குகிற இடத்தில் தாள்கள் நெருங்கிக் கறுக்கும், மேலே கதிர்கள் பிரியும்போது வெளிச்சம் விழும். அந்த இடம் சரியாக வந்துவிட்டால் மனதுக்கு ஒரு நிம்மதி.

எங்கள் கோர்ச்சா ஊர் ஓவியக்கூடத்தில் இந்தச் சண்டை அடிக்கடி நடக்கும். கத்தியவர் கூடத்தின் தலைவர் சொதிர். நான் அங்கே பழைய படங்களைச் செப்பனிடுகிறவள். சண்டை எப்போதும் ஒரே படத்தைப் பற்றித்தான். ஊருக்குக் கீழே இருந்த சதுப்பை வடித்து வயலாக்கிய கதை. சுவர் நீளத்துக்கு அறுவடை விருந்து. மேசையில் ரொட்டி, தர்பூசணி, ராக்கிச் சாராயம். மேசைக்குப் பின்னால் மாவட்டத்துக் கட்சிப் பொறுப்பாளர்கள் வரிசையாக நின்று சிரிப்பார்கள். யாராவது ஒருவர் மேலிடத்தின் கோபத்துக்கு ஆளானால் காலையில் உத்தரவு வரும், மாலைக்குள் அவர் படத்தில் இருக்கக்கூடாது. அவர் நின்ற இடத்தில் நான் கோதுமைக் கட்டை நிறுத்துவேன்.

நீ கேட்டது ஒரே கேள்வி, லீரி. உன் அப்பா லிகோரை அந்தப் படத்திலிருந்து எடுக்கச் சொன்னது யார். ஆவணக் கிடங்குகளில் எல்லாம் தேடிவிட்டேன், மற்ற எல்லோருக்கும் உத்தரவு இருக்கிறது, அப்பாவுக்கு மட்டும் இல்லை என்கிறாய். அந்தப் பெயர் தெரியாமல் கண்ணை மூடமாட்டேன் என்று உன் அம்மா உரானி கடைசி வரை சொன்னாளாம், தெரியாமலேதான் மூடினாளாம். சொல்கிறேன். அதற்குத்தான் கூப்பிட்டேன். முதலில் அந்தப் பாகுச் செர்ரியைச் சாப்பிடு, தண்ணீர் குடி. வந்தவள் வாய் இனிக்காமல் என் வீட்டிலிருந்து போகக்கூடாது.

இப்போது கூடத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் அந்தப் படத்தைச் சுத்தம் செய்தபோது, கட்டுக்கு அடியிலிருந்து உன் அப்பாவின் முகம் ஒரு கீறல் இல்லாமல் வந்ததாமே. அது தானாக நடந்ததில்லை. ஒரு ஆளை மூடுவதற்கு முன்னால் அவர்மேல் மெல்லிசாக ஒரு பிசின் பூசுவேன். அது காய்ந்த பிறகுதான் மேலே வண்ணம் போடுவேன். மேலே வருகிறது கீழே இருக்கிறவனைத் தொடாது. என் அப்பா தேவாலயத்துச் சாமிப் படங்களைச் செப்பனிடுகிறவர், அவரிடம் வந்த கைப்பழக்கம். மற்ற ஊர்களில் கத்தியால் முகத்தைச் சுரண்டி எடுத்தார்கள். நான் யாரையும் சுரண்டினவள் இல்லை. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் இதை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உன் அப்பா மாவட்டத்தின் கலாச்சாரப் பொறுப்பாளர். படத்தில் அவர் வலதுபக்கம் நிற்பார், கையில் ராக்கிக் கோப்பை, வாய் பாதி திறந்திருக்கும். நேரிலும் அப்படித்தான். நானும் சொதிரும் பூசணிக்காகச் சண்டை போட்ட அன்று அவர் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு தீர்மானம் வந்தா போதும். படத்துல அறுவடை மட்டும்தான் இருக்கும், அறுக்க ஆளு இருக்காது."

சொதிர் ஜன்னலைச் சாத்தப் போனார். ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. நான் தூரிகையைக் கழுவினேன். அந்த மாதிரிப் பேச்சை யாராவது ஒருவர் பேசி, கேட்ட இரண்டு பேரில் ஒருவர் போய்ச் சொல்லாமல் விட்டால், விட்டவருக்கும் சேர்த்துத்தான் தண்டனை. நாங்கள் இருவரும் அன்று மாலை ஒருவரையொருவர் பார்க்காமலே வீட்டுக்குப் போனோம்.

உனக்கு அந்தப் பயம் நினைவிருக்குமோ என்னவோ. தலைநகரில் நடந்த ஒரு பாட்டு விழா மேலிடத்துக்குப் பிடிக்காமல் போன பிறகு முதலில் பாட்டுக்காரர்களைப் பிடித்தார்கள், பிறகு நாடகக்காரர்கள், பிறகு நிறம் தப்பாகப் போட்டார்கள் என்று ஓவியர்களையும். எங்கள் தெருவில் பச்சை ஜீப் வந்து நின்றால் எல்லா வீட்டிலும் அடுப்படிச் சத்தம் நின்றுபோகும். அது யாரோ ஒருவர் வாசலில்தான் என்று தெரிந்ததும் கரண்டிகள் மறுபடி ஓட ஆரம்பிக்கும். நானும் கரண்டியை ஓட்டினவள்தான். நம் வாசல் இல்லை என்று தெரிகிற அந்த நொடியில் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. கல்யாணத்தில்கூட.

எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் பயப்பட ஒரு காரணம் இருந்தது. புனித மரீனா.

என் மாமியார் வீட்டுப் படம் அது. உள்ளங்கை இரண்டு சேர்ந்தால் வரும் அளவுப் பலகை, சிவப்பு முக்காடு, கையில் சின்னச் சுத்தி, காலடியில் பிசாசு. என் மகன் தனாஸ் குழந்தையாக இருந்தபோது கண் இரண்டும் சீழ் கட்டி ஒட்டிக்கொண்டன. மருத்துவர் கைவிட்டார். என் மாமியார் சாமியின் இடது கண்ணைக் கத்தி முனையால் சுரண்டி, அந்தப் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளையின் கண்ணில் விட்டார். பிறகு வலது கண்ணையும். பிள்ளை பிழைத்தான், கண் திறந்தான். சாமி குருடாகிவிட்டாள். நான் முட்டை மஞ்சளில் வண்ணம் கரைத்து அவளுக்குப் புதிய கண் வரைந்தேன். பழையது பாதாம் மாதிரி நீண்டிருந்திருக்க வேண்டும். நான் வரைந்தது கொஞ்சம் உருண்டையாக, தனாஸின் கண் மாதிரி வந்துவிட்டது. என் கை பழகின யாருக்கும் பார்த்தவுடன் தெரியும்.

தேவாலயங்களை மூடிப் படங்களையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னபோது நான் இதை ஒப்படைக்கவில்லை. வீட்டில் வைத்தால் தேடுவார்கள். கூடத்தில் யார் தேடப்போகிறார்கள். அறுவடைப் படத்தின் பின்பலகைக்கு உள்ளே வைத்து ஆணி அடித்தேன். முன்னால் மாவட்டப் பொறுப்பாளர்கள் சிரித்துக்கொண்டு நிற்க, அவர்கள் முதுகுக்குப் பின்னால் அவள் நின்றாள்.

ஒரு வருடம் மழை ஒழுகிச் சுவர் ஊறிவிட்டது. படத்தை இறக்கினார்கள். உன் அப்பா மேற்பார்வைக்கு வந்திருந்தார். ஒரு கூலிக்காரன் பின்பலகையைத் தட்டிக்கொண்டே போனான். ஒரு மூலையில் மட்டும் சத்தம் வேறு மாதிரி வந்தது. அவன் கவனிக்கவில்லை, உன் அப்பா கவனித்தார்.

"போங்கப்பா, போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க. சுவரு எங்கயும் ஓடிடாது."

அவர்கள் போனதும் ஆணியைப் பிடுங்கினார். மரீனாவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். என்னைப் பார்த்தார், மறுபடி அந்தக் கண்களைப் பார்த்தார்.

"பையனுக்காகவா?"

தனாஸ் அந்த வருடம்தான் தலைநகர் திரானாவில் படிக்க அனுமதி கேட்டிருந்தான். வீட்டில் சாமிப் படம் ஒளித்தவர்கள் என்று பெயர் வந்தால் படிப்பு போகும், வீடு போகும், அவன் ஏதாவது ஒரு கிராமத்தில் சாணி அள்ளிக்கொண்டு கிழவனாவான்.

"இங்க வேண்டாம் ஒலிம்பி. விழாவுக்கு முன்னாடி தலைநகர்லருந்து ஆய்வுக்கு வர்றாங்க, எல்லாத்தையும் கழட்டிப் பாப்பாங்க. என் வீட்ல இருக்கட்டும். மத்தவங்க வீட்டைத் தேடச் சொல்லிக் கையெழுத்துப் போடறவனே நான்தான், என் வீட்டை யாரு தேடப்போறா."

"தோழர் லிகோர்..."

"பயப்படாதீங்க. வாக்குக் கொடுக்கிறேன். என் உயிரே போனாலும் இது உங்களுதுன்னு என் வாயிலருந்து வராது."

நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். கட்சிப் பத்திரிகையில் அவளைச் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பட்டப்பகலில் லிண்டன் மரங்களுக்கு நடுவே, எதிரே வந்த எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

இந்த இடத்தில் நீ, அப்பாடா என்று மூச்சு விடுவாய். நானும் விட்டேன், ஒரு ராத்திரிக்கு. காலையில் எழுந்தபோது வேறு மாதிரி இருந்தது. அதுவரை என் ரகசியம் ஒரு பலகைக்குப் பின்னால் இருந்தது. பலகைக்கு வாய் இல்லை. இப்போது அது ஒரு மனிதனுக்குள் இருந்தது. அந்த மனிதன் ராக்கி குடிப்பவர். கதவில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பேசுபவர்.

அவர் நல்லவராக இருந்ததுதான் என்னை மிகவும் வாட்டியது. கெட்டவராக இருந்திருந்தால் ஏதாவது கேட்டிருப்பார், கொடுத்திருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். அவர் எதையும் கேட்கவில்லை. மாலையில் ஊரே நடைபோடுகிற பெருந்தெருவில் என்னைக் கண்டால் தொப்பியைத் தூக்கி, "பையன் கண்ணு எப்படி இருக்கு?" என்பார். அன்பாகத்தான் கேட்பார். நான் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போவேன். ஏன் இன்று கேட்டார், பக்கத்தில் நின்றது யார், ஏன் கண் என்றார், உடம்பு எப்படி என்று கேட்டிருக்கலாமே. உன் அம்மா ஒருநாள் வெங்காய லாக்ரோர் அப்பம் சுட்டு அனுப்பினாள், சுடச்சுட. சாப்பிட முடியவில்லை. கணவர் சொல்லிவிட்டாரோ, அதனால்தான் அனுப்பினாளோ என்று அந்த அப்பத்தைத் துண்டு துண்டாகப் பிய்த்து உள்ளே எதையோ தேடினேன். கீரையும் வெங்காயமும்தான் இருந்தன.

ஒரு மனிதனுக்கு இத்தனை பயத்தைக் கொடுக்க இன்னொரு மனிதனுக்கு உரிமை உண்டா என்று யோசித்துப் பார். தெரியாமல் கொடுத்தாலும் கொடுத்ததுதானே.

நவம்பர் விழாவுக்காகப் படத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். உன் அப்பா அப்போது ஊரில் இல்லை, மலைக்கிராமம் ஒன்றில் வாசகசாலை திறக்கப் போயிருந்தார். நான் தனியாகத்தான் வேலை செய்தேன். ஈரத்தால் அவர் தாடைப் பக்கம் வெள்ளை பூத்திருந்தது. அதைத் துடைத்தேன். நன்றாகத் தெரிந்தார். அவர்மேல் பிசின் பூசினேன். ஈரத்திலிருந்து காப்பாற்றத்தான், யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பிசின் காய்ந்தது. கையில் காவி வண்ணம் இருந்தது.

அன்று வரைந்த கட்டுதான் நான் வரைந்ததிலேயே சிறந்தது.

சொதிர் வந்தார். தூரத்திலிருந்து பார்த்தார், கிட்டே வந்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. நான் அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். கேட்டிருந்தால், தப்பாகிவிட்டது தோழர், ஈரம் அதிகமாகி முகம் உரிந்துவிட்டது, தற்காலிகமாக மூடியிருக்கிறேன் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.

"கட்டு... நல்லா வந்திருக்கு" என்றார்.

"கொஞ்சம் மஞ்சள் தூக்கலோ?"

"இல்ல இல்ல. சரியா இருக்கு. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. சுவரிலிருந்து ஒரு சட்டத்தைக் கழற்றும் சத்தமும் கேட்டது. உன் அப்பாவோடு அவர் எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று அங்கே மாட்டியிருந்தது.

சொதிர் என்ன நினைத்தார் என்று உனக்கு விளங்குகிறதா. உத்தரவு தன்னைத் தாண்டி நேராக என்னிடம் வந்துவிட்டது என்று நினைத்தார். தன்னைத் தாண்டி வந்ததென்றால் தன்மேலும் நம்பிக்கை போய்விட்டது. யார் சொன்னது என்று கேட்டால், எனக்குச் சொல்லவில்லை என்று ஒத்துக்கொள்கிற மாதிரி. ஆகவே கேட்கவில்லை. திறப்பு நாளில் மாவட்டச் செயலாளர் வந்தார். கட்டைப் பார்த்ததும் அவர் பேச்சு ஒரு வார்த்தைக்கு நடுவில் நின்றது. அவருக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாததுதான் அவரைக் கதிகலங்க வைத்தது. திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "விழிப்போட இருக்கீங்க தோழர்களே, பாராட்டுகள்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியும் என்றே நினைத்தார்கள். தெரியாதவன் நான் ஒருத்தன்தான் என்று ஒவ்வொருவரும் பயந்தார்கள். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

உன் அப்பா மலையிலிருந்து திரும்பினார். பெருந்தெருவில் நடந்தபோது அவருடைய வணக்கத்துக்கு யாரும் தொப்பியைத் தூக்கவில்லை. அவர் மூளைக்கு அது போதும். நேராகக் கூடத்துக்கு வந்தார். படத்துக்கு முன்னால் நின்றார். தான் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"எப்போ சொன்னாங்க?" என்றார், திரும்பாமலே.

நான் இங்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை. அவர் தொலைபேசியை எடுத்திருப்பார், சிரித்திருப்பார், எனக்கு ஒரு திட்டு விழுந்திருக்கும்.

"போன வாரம்" என்றேன்.

அவர் நம்பினார். ஒருவரைப் படத்திலிருந்து எடுக்கிறதென்றால் தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்று அர்த்தம். அது அவரே பலருக்குச் செய்தது, ஆகவே அவரால் நம்பாமல் இருக்க முடியாது. கோட்டைச் சரி செய்துகொண்டார்.

"உங்க சாமானை நினைச்சுக் கவலைப்படாதீங்க. உரானிக்குக்கூடத் தெரியாது." கொஞ்சம் நடந்து, கதவருகே நின்றார். "கயிறு இறுக்கற இடம் நல்லா இருக்கு, ஒலிம்பி. உங்க கைதான்."

அடுத்த கட்சிக் கூட்டத்தில் அவரே எழுந்து நின்று சுயவிமர்சனம் செய்துகொண்டார். யாரும் அவர்மேல் ஒரு குற்றமும் சொல்லியிருக்கவில்லை. எதற்காகத் தன்னைத் தண்டிக்கிறார்கள் என்று தெரியாததால், நினைவுக்கு வந்த எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். வேடிக்கைப் பேச்சு, பழைய பாடல்களுக்கு அனுமதி, திரானாவில் பிடிபட்ட ஒரு ஓவியனோடு பழக்கம். முன்கூட்டி ஒத்துக்கொண்டால் குடும்பத்தை விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பார், பாவம். கேட்டவர்களுக்கு வேறு வழியில்லை. ஒத்துக்கொண்ட குற்றத்துக்குத் தண்டனை கொடுக்காமல் விட்டால் அதுவும் குற்றம். அதற்குப் பிறகு லிகோரைத் தான்தான் முதலில் சந்தேகித்ததாகச் சொதிர் சொன்னார், செயலாளரும் சொன்னார். ஆளாளுக்கு முந்திக்கொண்டார்கள். அதனால்தான் உன் அப்பாவுக்கு மட்டும் உத்தரவு கிடைக்கவில்லை, லீரி. முதல் உத்தரவு யாருடையது என்று தேட அப்போதும் யாருக்கும் தைரியம் இல்லை.

வீட்டைச் சோதித்தபோது மரீனா அகப்பட்டாள். உன் அப்பா அது தன் தாயாருடையது என்று சொன்னாராம். படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல நிபுணர் வேண்டுமல்லவா. ஊரில் அந்த வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான். விசாரணை அறையில் என் முன்னால் வைத்தார்கள். என் மகனின் கண்களால் என்னைப் பார்த்தாள்.

தாயாருடையது என்று விட்டால், யார் செப்பனிட்டது, இந்தக் கண் யார் கை என்று அடுத்த கேள்வி வரும். படத்தைத் திரானாவுக்கு ஆய்வுக்கு அனுப்புவார்கள். ஆகவே, இது மூடப்பட்ட தேவாலயம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது, மக்கள் சொத்து, கண்களை அந்தத் தேவாலயத்துக்காரர்களே முன்பு திருத்தியிருக்கிறார்கள் என்றேன். அப்படிச் சொன்னதால் ஒளித்தவர் திருடியவராகிவிட்டார், திருடியவர் வெளிநாட்டுக்கு விற்க இருந்தவராகிவிட்டார். அந்த ஏணிப்படிகளை நான் போடவில்லை, நான் முதல் படியை மட்டும்தான் வைத்தேன்.

தீர்ப்பு சொன்ன மண்டபத்தில் என் வார்த்தையை வாசித்தார்கள். என்ன சொல்கிறாய் என்று உன் அப்பாவிடம் கேட்டார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தார்.

"தோழர் ஒலிம்பிக்குத் தெரியாததா. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவரை வடக்கே செம்புச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள், உன்னையும் உன் அம்மாவையும் கீழ்ச்சமவெளிக்கு. அவர் திரும்பவில்லை. அங்கே மறுபடி விசாரிப்பார்கள், அடிப்பார்கள், ஒருநாள் சொல்லிவிடுவார் என்று நான் ஜீப் சத்தத்துக்குக் காது வைத்துக்கொண்டே இருந்தேன். ஜீப் வந்தது, எப்போதும் வேறு யார் வாசலுக்கோ. அவர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார். அவர் செத்த செய்தி வந்த பிறகுதான் அது எனக்கு உறுதியானது. அன்றைக்குக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அழுதேன், ஒத்துக்கொள்கிறேன், கொஞ்சம் நிம்மதியும் அதில் இருந்தது. தனாஸ் படித்தான். இப்போது ஏதென்ஸில் இருக்கிறான். மரீனா கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள், கண்கள் பிற்காலத்தவை என்று கீழே எழுதியிருக்கிறது.

யார் உத்தரவு என்று கேட்டாய். யாரும் உத்தரவு போடவில்லை. நான்தான். படம் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அதற்கும் எனக்கும் நடுவே இருந்த ஒரே சாட்சி அவர் நாக்குதான் என்பதைத் தெளிவாக யோசித்து, தெரிந்தே செய்தேன். பயத்தில் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்தவள் கை நடுங்கும். அந்தப் பிள்ளைகள் துடைப்பதற்கு முன்னால் எடுத்த புகைப்படத்தில் அந்தக் கட்டைப் போய்ப் பார், ஒரு தாள்கூட நடுங்கவில்லை.

எழுந்திருக்காதே. உட்கார். ஒன்றை விட்டுவிட்டேன், அதையும் கேட்டுவிட்டுப் போ.

உன் அப்பா மலையிலிருந்து திரும்புவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூடத்துக்குக் கூட்டி வந்தார்கள். கழுத்தில் சிவப்புத் துணி, இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு. அந்த வரிசையில் நீ இருந்தாய். உன் தோழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் ஓடி வந்தாய். எங்க அப்பாவைக் காட்டுறேன் வா என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. படத்தின் வலதுபக்கம் வந்து நின்றாய். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாய், மறுபடி முதலிலிருந்து பார்த்தாய். தோழி எங்கே எங்கே என்று கேட்டாள். உன் ஆசிரியை சுவரைப் பார்த்தாள், பிறகு தன் காலணியைப் பார்த்தாள். நான் ஏணிக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றேன். பிசினுக்கு மேலே இருந்த வண்ணம் அப்போது சரியாகக் காயக்கூட இல்லை, ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்தால் வந்துவிடும். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு வாயை மூடிக்கொண்டாய். அந்த வயதிலேயே மூடிக்கொண்டாய். வரிசையில் போய் நின்றாய்.

அதைத்தான் நான் மறக்கவே முடியாமல் வைத்திருக்கிறேன். மற்றவர்களை விடு, அவர்களுக்குப் பதவி இருந்தது, வீடு இருந்தது. நீ குழந்தை. குழந்தை கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு துணிதான் வேண்டியிருந்தது, அது என் தோளிலேயே கிடந்தது.

"ஒரே ஒரு வார்த்தை, எங்க அப்பா எங்கேன்னு நீ கேட்டிருந்தா நான் அப்பவே துடைச்சிருப்பேனே கண்ணு, நீ ஏன் கேக்கலை?"